மதியம் ஒன்று பத்துக்கு வரும் நிழல்

அனுப்புநர்
மின் இணைப்பு எண் 2-417இன் உரிமையாளருடைய மகள்,
ஆறாவது வீடு, மாடி.

பெறுநர்
செயற்பொறியாளர் அவர்கள்,
வீட்டுச் சூரிய மின்சார முன்கணிப்புப் பிரிவு,
மின் விநியோக அலுவலகம், மூன்றாவது மாடி.

பொருள்: எங்கள் மொட்டைமாடியின் தினசரி உற்பத்தி முன்கணிப்பைக் குறைத்துத் தரவும், அந்த முன்கணிப்பின் பேரில் நீக்கப்பட்ட மின்தடை விலக்கை என் அம்மாவுக்குத் திரும்ப வழங்கவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவின் பாராட்டுக் கடிதம்.
2. தங்கள் பிரிவின் கண்டிப்புக் கடிதம். (இரண்டும் ஒரே வாரத்தில் வந்தவை.)

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை எதையாவது கூட்டித் தரச் சொல்லிக் கேட்பவையாக இருக்கும். இந்த மனு குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறது. எங்கள் வீட்டுக் கூரை நாளொன்றுக்கு 13.2 யூனிட் மின்சாரம் தயாரிக்கும் என்று தாங்கள் எங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு நாங்கள் தகுதியானவர்கள் அல்ல. அதை ஏழாகக் குறைத்துக்கொள்ள வேண்டுகிறேன். காரணங்கள் கீழே.

1. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருக்கிறோம். அம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலையில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். பேச்சு அவருக்குத் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக ஆனது. மூன்று வருடமாக அவருடைய நுரையீரலுக்குத் துணை தேவைப்படுகிறது. அதனால் கட்டிலின் தலைமாட்டில் ஓர் ஆக்சிஜன் இயந்திரம் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னப் பயணப்பெட்டி அளவுதான் இருக்கும். 350 வாட் எடுக்கும். அம்மா அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருக்கிறார். கேட்டால், "நாள் முழுக்க முணுமுணுன்னுட்டே இருக்கு. ஆனா அது இல்லாம ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குது" என்பார். இனி இந்த மனுவில் இயந்திரம் என்றே குறிப்பிடுகிறேன்.

2. நான் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிறேன். எங்கள் வீட்டுச் சங்கதிகளை முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதும் பழக்கம் எனக்கில்லை. மனுவில் 'பாதிப்பை விளக்குக' என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும் எனத் தங்கள் அலுவலக வாசலில் ஒட்டியிருப்பதால் எழுதுகிறேன்.

3. இரண்டு வருடத்துக்கு முன் மொட்டைமாடியில் எட்டு பேனல்கள் போட்டோம். கீழே மாடிப்படிக்கு அடியில் ஒரு பேட்டரி இருக்கிறது. அன்றிலிருந்து தினமும் மாலை சரியாக ஏழு மணிக்குத் தங்கள் பிரிவிலிருந்து என் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். 'நாளை தங்கள் இல்லத்தின் உற்பத்தி 13.2 யூனிட். இனிய வெயில் நாள்!' மனச்சாட்சிப்படி சொல்ல வேண்டும்: முதல் பத்து மாதம் இந்தக் கணிப்பு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஒரு யூனிட் கூடும், ஒரு யூனிட் குறையும். யாரும் அதைக் குறை சொல்ல முடியாது.

4. பதினான்கு மாதத்துக்கு முன் எங்களுக்கு மேற்கே இருக்கும் வீட்டுக்காரர் தம் வீட்டில் ஒரு மாடி ஏற்றினார். அதற்கும் மேல் லிஃப்ட் அறை ஒன்றும், அதன் தலையில் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார். அவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. அவருக்கு லிஃப்ட் தேவைதான். அது எங்கள் தளத்திலிருந்து எட்டரை மீட்டர் உயரம் நிற்கிறது. இந்த உயரத்தை நான் அளக்கவில்லை, ஐயா. லிஃப்டுக்கு மின் இணைப்பு கொடுத்தபோது தங்கள் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் இருக்கும் இணைப்புப் பிரிவினர் அளந்து எழுதியது. ஆக, அந்தக் கட்டடம் இரண்டாவது மாடியில் பதிவாகியிருக்கிறது. அதன் நிழல்தான் இன்னும் மூன்றாவது மாடிக்கு ஏறி வரவில்லை. தங்கள் அலுவலகத்தில் லிஃப்ட் பழுது என்று கேள்விப்பட்டேன்.

5. அந்த நிழல் ஒன்று பத்துக்கு எங்கள் முதல் பேனலின் ஓரத்தைத் தொடும். ஒன்று முப்பத்தைந்துக்கு இரண்டு பேனல்கள் போய்விடும். இரண்டு மணிக்குப் பாதி. இரண்டு நாற்பதுக்கு எட்டும் இருட்டு. பேனல் மாட்டியவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் மாடியில் இடுப்பில் கை வைத்து நின்று ஒரே வரியில் முடித்துவிட்டார்: "எட்டும் ஒரே வரிசையில மாட்டியிருக்கும்மா. ஒண்ணு படுத்துடுச்சுன்னா மிச்சம் ஏழும் கூடப் படுத்துக்கும்." ஆகவே ஒன்றே கால் மணிக்கெல்லாம் எங்கள் உற்பத்தி கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. நல்ல வெயில் நாளில் ஏழரை யூனிட். மேகம் இருந்தால் மூன்று. பதினான்கு மாதச் சராசரி 6.9. செய்தி மட்டும் 13.2 என்றே வந்துகொண்டிருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போதும் 'இனிய வெயில் நாள்' என்று வரும். அம்மா அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு சூரியனை ஒதுக்கி வெச்சிருக்காங்க போலடி. பாவம், அட்ரஸ் மாறிப் போகுது" என்பார்.

6. இதுவரை இது சிரிப்போடு போயிற்று. இந்தக் கோடையில் செவ்வாய், வியாழன், சனி ஆகிய நாள்களில் பகல் ஒன்று முதல் மாலை ஏழு வரை எங்கள் தெருவுக்கு மின்தடை அறிவிக்கப்பட்டது. மூச்சு இயந்திரம் உள்ள வீடுகளுக்குத் தனிக் கம்பியில் மின்சாரம் தொடரும் என்ற விலக்குப் பட்டியலில் கடந்த இரண்டு கோடையும் அம்மாவின் பெயர் இருந்தது. இம்முறை பட்டியலில் இல்லை. அதற்குப் பதிலாகப் பார்வை 1இல் கண்ட பாராட்டுக் கடிதம் வந்தது. இந்த ஆண்டு வந்த புது விதிப்படி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் முன்கணிக்கப்பட்டு, பேட்டரியும் உள்ள வீடு என்பதால் நாங்கள் 'தன்னிறைவு இல்லம்' ஆகிவிட்டோமாம். கதவில் ஒட்டிக்கொள்ளச் சிரிக்கும் சூரியன் படம் ஒன்றும் உறையில் இருந்தது; ஒட்டினோம்.

விலக்குப் பட்டியல் கவுன்டரில் போய் நின்றேன். அங்கே இருந்த அம்மையார் கணினியைப் பார்த்துவிட்டு மனதாரச் சந்தோஷப்பட்டார். "நீங்கதான் பாஸாயிட்டீங்களேம்மா! அப்புறம் விலக்கு எதுக்கு? விலக்கெல்லாம் கரன்ட் இல்லாதவங்களுக்கு." எங்களுக்குக் கரன்ட் வருவதில்லை என்றேன். "வருதுன்னு போட்டிருக்கே" என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். 13.2 என்று பச்சை நிறத்தில் எழுதியிருந்தது. எழுத்தில் இருப்பதைத் திருத்துவதே என் வேலை என்றாலும், அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பேனா எட்டவில்லை.

7. அதே வாரம் பார்வை 2இல் கண்ட கண்டிப்புக் கடிதமும் வந்து சேர்ந்தது. முன்கணித்த அளவை எங்கள் கூரை எட்டவில்லை என்றும், இது 'பயனீட்டாளரின் பராமரிப்புக் குறைபாடு' என்றும், பேனல்களைத் துடைத்துச் சுத்தமாக வைக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. துடைத்தேன், ஐயா. வாரம் இருமுறை துடைத்தேன். கண்ணாடி பளபளவென்று ஆகி, லிஃப்ட் அறையின் நிழல் முன்பைவிடத் துல்லியமாக விழுந்தது.

ஒரே கூரை ஒரே வாரத்தில் பாராட்டும் கண்டிப்பும் பெற்றிருக்கிறது. பாராட்டு, தயாரிக்கப்போவதாக நீங்கள் சொன்ன மின்சாரத்துக்கு. கண்டிப்பு, தயாரித்த மின்சாரத்துக்கு. இரண்டு கடிதத்திலும் கையெழுத்து ஒன்றுதான்.

8. நிழலை நேரில் ஆய்வு செய்யக் கோரி விண்ணப்பித்தேன். தங்கள் பிரிவின் ஆய்வாளர் மூன்று முறை வந்தார். வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதல் முறை காலை 10.50க்கு. இரண்டாம் முறை 11.20க்கு. மூன்றாம் முறை 12.05க்கு. மூன்று முறையும் படிவத்தில் 'ஆய்வு நேரத்தில் காணப்பட்ட நிழல்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அவர் நல்ல மனிதர். முதல் முறை மாடியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நிழல் எங்கம்மா?" என்று அக்கறையோடுதான் கேட்டார். மதியம் வரும் என்றேன். அடுத்த முறைக்குள் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தரம் நிழலின் விளிம்பைச் சுண்ணக்கட்டியால் தரையில் கோடாக வரைந்து, ஒவ்வொரு கோட்டின் அருகிலும் நேரம் எழுதி வைத்திருந்தேன். அவர் அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார். "கோடு அருமையா இருக்கும்மா. ஆனா கோட்டை எப்படி நிழல்னு எழுதுறது?" கைபேசியில் எடுத்த படங்களைக் காட்டினேன். "படம் சரி. கீழே 'நேரில் கண்டேன்'னு இருக்கே, அதுல நான் கையெழுத்துப் போடணுமே."

மூன்றாம் முறை அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டார். இயந்திரத்தின் குழாய் ஏழு மீட்டர் நீளம்; வாசல் வரைக்கும் எட்டும். "தம்பி, இன்னும் ஒரு மணி நேரம்தான். உக்காருங்க, சாப்பிடலாம். நீங்க கை கழுவிட்டு வர்றதுக்குள்ள அதுவும் வந்துடும்" என்றார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டார். "இல்லம்மா, ஒரு மணிக்குள்ள ஜீப்பைக் கொண்டு போய் விடணும். மதியம் கம்பிப் பிரிவுக்காரங்க முறை." அம்மா விடவில்லை. "அப்ப சரி. நிழல்கிட்ட நானே சொல்லிப் பாக்கறேன். நாளைலேருந்து ஜீப் இருக்கற நேரத்துல வரச் சொல்றேன்." ஆய்வாளர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு, 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார்.

அவர் பொய் எழுதவில்லை, ஐயா. அவர் பார்த்தபோது நிழல் இல்லைதான். அவர் மேல் எனக்குப் புகார் கிடையாது.

9. பாதிப்பை விளக்குக என்ற பத்தி.

மின்தடை நாளில் ஒரு மணிக்குக் குளிர்பதனப் பெட்டியை நிறுத்திவிடுவோம். அம்மாவின் இயந்திரமும் ஒரு மின்விசிறியும் மட்டும் பேட்டரியில் ஓடும். வெயில் நாளாக இருந்தால் பேட்டரி மாலை ஐந்து நாற்பது வரை தாங்கும். அதன் பிறகு ஏழு மணி வரை சிலிண்டர். வீட்டில் ஒரு சிலிண்டர் உண்டு. மூன்று மணி நேரம் பத்து நிமிடம் வரும். இரண்டாவது வேண்டுமானால் முந்தின நாள் மாலை ஏழரைக்குள் சிலிண்டர் கடைக்காரரிடம் சொல்லி வைக்க வேண்டும். ஆகவே நாளை வெயிலா மேகமா என்பது எங்கள் வீட்டில் வானிலைப் பேச்சு அல்ல. சிலிண்டர் ஒன்றா இரண்டா என்ற கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய செய்திதான் மாலை ஏழு மணிக்கு வருகிறது.

மார்ச் 29 மாலை ஏழு மணிக்கு வந்த செய்தி: 13.2, இனிய வெயில் நாள். மார்ச் 30, வியாழன். காலையிலிருந்து மேகம். பகல் ஒரு மணிக்குப் பேட்டரி பாதிதான் நிறைந்திருந்தது. 3.25க்கு இயந்திரம் நின்றது. அது நிற்கும்போது ஒரு நீண்ட விசில் கொடுக்கும். அம்மா, "மாமியார் கோவிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போயாச்சு" என்றார். நான் சிலிண்டரை மாட்டினேன். கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கையில் இருந்ததெல்லாம் முந்தின நாளே சொல்லி வைத்தவர்களுக்குப் போய்விட்டது. மேற்கு வீட்டுக்காரர் விஷயம் தெரிந்து, அந்த முழங்காலோடு தம் வீட்டுப் படியிறங்கி, எங்கள் படியேறி வந்தார். லிஃப்ட் ஓடவில்லை, அவருக்கும் அதே மின்தடைதான். அறைக்குள் வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, "என்னாலதானேம்மா இதெல்லாம்? சொல்லுங்க, தொட்டியை நாளைக்கே இடிச்சுடறேன்" என்றார். அம்மா குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "நீங்க ஏன் இடிக்கணும்? நீங்க கட்டுனதைத்தான் யாரும் பாக்கவே இல்லையே. இல்லாததை எப்படி இடிப்பீங்க?"

அதுதான் அன்று அவர் கடைசியாகப் பேசியது. 6.35க்குச் சிலிண்டரின் முள் பூஜ்யத்துக்கு வந்தது. மேற்கு வீட்டுக்காரர் கீழே போய்க் காரைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். மருத்துவமனை நாற்பது நிமிடத் தூரம். நகர்த்துவதா, இருபத்தைந்து நிமிடம் உட்கார வைத்தே கடத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டேன். முன்னால் சாய்ந்து உட்கார வையுங்கள், பேச விடாதீர்கள், உதட்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள், நிறம் இன்னும் மாறினால் உடனே கிளம்புங்கள் என்றார். தலையணையை மடியில் வைத்து, அதன் மேல் கைகளை ஊன்றி, அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா இருபத்தைந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு மணிக்கு மின்சாரம் வந்தது. இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதே நொடியில் என் கைபேசி ஒலித்தது. நாளை தங்கள் இல்லத்தின் உற்பத்தி 13.2 யூனிட். இனிய வெயில் நாள்!

இந்தப் பத்தியில் இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

10. அதன் பிறகுதான் எங்கள் வட்டத்தின் நிழல் ஆய்வுப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கினேன். பன்னிரண்டு நாளில் கிடைத்தது, அதற்கு நன்றி. மொத்தம் 112 வீடுகள். மெய்ப்புப் பார்ப்பது போல வரிவரியாகப் படித்தேன். முப்பத்தெட்டு வீடுகளில் நிழல் காணப்பட்டிருக்கிறது. 'நிழல் வரும் திசை' என்ற கட்டத்தில் முப்பத்தெட்டிலும் ஒரே சொல்: கிழக்கு.

முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். மறுபடியும் எண்ணினேன். கிழக்கிலிருந்து முப்பத்தெட்டு. மேற்கிலிருந்து பூஜ்யம். பிறகு பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன்: ஆய்வு நேரம். மிக முந்தியது 10.35. மிகப் பிந்தியது 12.25. ஜீப் வந்து போகிற நேரம்.

ஐயா, தாங்கள் அறியாதது அல்ல. சூரியன் காலையில் கிழக்கே இருக்கும். அப்போது கிழக்கே நிற்கும் கட்டடம் நிழல் தரும். மதியத்துக்கு மேல் அது மேற்கே போகும். அப்போது மேற்கே நிற்கும் கட்டடம் நிழல் தரும். இந்த ஏற்பாடு தங்கள் பிரிவு தொடங்குவதற்கு முன்பிருந்தே நடைமுறையில் உள்ளது. ஆனால் பதிவேட்டில் இதன் முதல் பாதி மட்டுமே இடம்பெற்றிருக்கிறது. உதாரணத்துக்கு அடுத்த தெருவை எடுத்துக்கொள்கிறேன். அங்கே நாற்பத்து மூன்றாம் வீடு உயரமானது. அதற்கு மேற்கே உள்ள நாற்பத்திரண்டாம் வீட்டுக்கு அதனால் நிழல் உண்டு என்று பதிவேடு ஒப்புக்கொள்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள நாற்பத்து நான்காம் வீட்டுக்கு நிழல் இல்லை. ஒரே நாள், ஒரே ஆய்வாளர், ஒரே உயரமான வீடு. ஒரு பக்கம் மட்டும் நிழல் விழும் வீட்டை இதற்கு முன் நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

நாற்பத்து நான்காம் வீட்டு வாசலில் போய்ப் பார்த்தேன். கதவில் சிரிக்கும் சூரியன் ஒட்டியிருந்தது. எங்களைப் போல மேற்கே உயரமான வீடு உள்ளவர்கள் என் கணக்கில் இருபத்தாறு பேர். அத்தனை பேருக்கும் 'நிழல் இல்லை'. அவர்களில் எத்தனை பேர் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டில் இயந்திரம் ஓடுகிறது என்று பதிவேட்டில் கட்டம் இல்லை.

11. தங்கள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் 'முன்கணிப்புத் துல்லியம் 97 விழுக்காடு' என்று பெரிய பலகை இருக்கிறது. இந்த 97 எப்படி வந்தது என்று விசாரித்தேன். பராமரிப்புக் குறைபாடு உள்ள வீடுகளை விட்டுவிட்டுக் கணக்கிடுவதாகச் சொன்னார்கள். அதாவது, கணிப்பு தவறிய வீடுகளை எல்லாம் நீக்கிவிட்டுப் பார்த்தால் கணிப்பு தவறுவதே இல்லை. நான் திருத்தும் மெய்ப்பில் பிழையுள்ள பக்கங்களைக் கிழித்துவிட்டு, மீதிப் புத்தகத்தைப் பிழையற்றது என்று பதிப்பாளரிடம் கொடுக்க எனக்கும் ஆசை உண்டு. இதுவரை துணிச்சல் வரவில்லை. மீதி மூன்று விழுக்காடு என்ன ஆயிற்று என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

12. ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கோருகிறேன்.

(அ) அம்மாவின் பெயரை விலக்குப் பட்டியலில் உடனே சேர்க்க வேண்டும். விசாரணை முடிந்த பிறகு அல்ல, விசாரணைக்கு முன்பே. விசாரணை மூன்று மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் முடியும் என்று தாங்கள் எழுத்தில் உறுதியளித்தால் மட்டும் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளலாம்.

(ஆ) எங்கள் முன்கணிப்பை ஏழு யூனிட்டாகக் குறைக்க வேண்டும். அதையும் ஒரே எண்ணாகச் சொல்லாமல், மூன்றிலிருந்து ஏழரை வரை என்று சொல்லலாம். 'நாளை மேகம் வரலாம், உறுதியாகத் தெரியவில்லை' என்று ஒரு முறை எழுதிப் பாருங்கள். தெரியாது என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், நான் எழுந்து போய் இரண்டாவது சிலிண்டருக்குச் சொல்லி வைத்துவிடுவேன். 13.2 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நான் எதையும் செய்ய முடியவில்லை. 'இனிய' என்ற சொல்லையும் எடுத்துவிடலாம். நாள் எப்படி இருந்தது என்பதை நாங்களே சொல்கிறோம்.

(இ) நிழல் ஆய்வுக்கு வாரத்தில் ஒரு நாளாவது ஜீப்பை மதியத்துக்குத் தர வேண்டும். ஜீப் கிடைக்காவிட்டால், தங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் வீடு நடந்து பதினொரு நிமிடம். நான் நடந்து பார்த்தேன்.

(ஈ) இந்த ஊரில் சூரியன் மதியத்துக்கு மேல் மேற்கே போகிறது என்பதைத் தங்கள் அலுவலகம் கொள்கை அளவிலாவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த மனுவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் வடிவத்தின் முடிவில் 'தயவுகூர்ந்து', 'கருணையுடன்', 'தாழ்மையுடன்' என்று மூன்று சொற்கள் அடுத்தடுத்து இருந்தன. அம்மா கையை ஆட்டி நிறுத்தினார். "கெஞ்சாதடி. நேரம் சொல்லிக் கூப்பிடு. முப்பத்தோரு வருஷம் நான் பாத்திருக்கேன். எப்ப வேணா வாங்கன்னா எவனும் வர மாட்டான். ஒண்ணு பத்துக்கு வாங்கன்னா கிளம்பி வருவான்." அந்த மூன்று சொற்களையும் அடித்துவிட்டேன்.

எனவே ஐயா, வரும் வியாழக்கிழமை, ஏப்ரல் 20, மதியம் ஒன்று பத்துக்கு எங்கள் மொட்டைமாடிக்குத் தாங்களே நேரில் வர வேண்டும். அன்று மின்தடை நாள். அழைப்பு மணி அடிக்காது, கதவைத் தட்டுங்கள். சிரிக்கும் சூரியன் ஒட்டிய கதவு. அம்மா அடுத்த அறையில்தான் இருப்பார். மூச்சு இருந்தால் பேசுவார். கோடைவெயிலில் மாடிக்கு எப்படி ஏறுவது என்று தாங்கள் தயங்க வேண்டாம். முதல் பேனலுக்குப் பக்கத்தில் நாற்காலி ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். தாங்கள் வந்து உட்காரும்போது வெயில் முகத்தில் அடிக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாலை வரை தங்கள் மேல் ஒரு துளி வெயில் படாது என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: ஆறாவது வீடு, மொட்டைமாடி
நாள்: ஏப்ரல் 17, திங்கட்கிழமை
நேரம்: மதியம் 1.10

ஒன்று பத்துக்கு அங்கே இருப்பவள்,
(கையெழுத்து)

மேலே எழுதியது எல்லாம் நான் சொன்னதும் சொல்ல நினைத்ததும்தான்.
(அம்மாவின் கையெழுத்து)

இணைப்பு:
1. பதினான்கு மாத உற்பத்திப் பதிவும் அதே நாள்களின் முன்கணிப்புச் செய்திகளும்.
2. மூன்று ஆய்வுப் படிவங்களின் நகல்.
3. பதிவேட்டில் 'கிழக்கு' என்று முப்பத்தெட்டு முறை வரும் பக்கங்கள்.
4. லிஃப்ட் அறையின் உயரம் குறித்து இரண்டாவது மாடியில் உள்ள ஆவணத்தின் நகல், மூன்றாவது மாடியின் பார்வைக்கு.
5. கதவுக்கு அனுப்பிய சிரிக்கும் சூரியன் ஒட்டுப்படத்தின் பின்தாள். படத்தைக் கிழியாமல் உரிக்க முடியவில்லை. 20ஆம் தேதி தாங்களே உரித்து எடுத்துச் செல்லலாம்.
6. சுண்ணக்கட்டி ஒன்று. ஆய்வாளரிடம் சேர்ப்பிக்கவும். மழை வந்தால் என் கோடுகள் அழிந்துவிடும். அடுத்த கோட்டை அவரே போடட்டும்.